ஆடிட்டுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். தையல் லைனில் ஹெல்ப்பராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனேன். இத்தனை வருஷத்தில் எனக்குக் கைவந்த வேலை எது என்று கேட்டால் தையல் என்று சொல்ல மாட்டேன். ஆடிட்டுக்கு ஆள் தயார் பண்ணுவதுதான்.

ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அவ்வப்போது ஆடிட் என்று ஆள் அனுப்புவார்கள். தொழிலாளிகளைத் தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே எங்கள் ஆபீஸிலிருந்து கேள்வியும் பதிலும் அச்சடித்த தாள் வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. ஓவர்டைம் கட்டாயமா? இல்லை. கஷ்டம் ஏதாவது உண்டா? ஒன்றும் இல்லை. என் லைனில் நாற்பது பெண்கள். மெஷின் ஓடும்போதே ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் நின்று கேட்பேன். தடுமாறினால் விட மாட்டேன். "எட்டுன்னு சொல்றதுக்கு இன்னாடி இம்மா நேரம் யோசன?" என் லைனிலிருந்து போன ஒருத்தியும் ஒரு தடவைகூட உளறியதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் என் வீட்டுக்காரர் விஷயத்தில் நான் செய்தது உங்களுக்குப் புரியும்.

அவர் தோல் பதனிடும் டேனரியில் செலக்டர், தரம் பிரிக்கிறவர். பதப்படுத்தி முடித்த தோலை மேஜைமேல் விரிப்பார்கள். அவர் ஒரு பார்வை பார்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, பின்பக்கம் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போடுவார், ஒன்று என்றால் உசத்தி. உண்ணி கடித்த தடம், முள் கீறியது, உரிக்கும்போது கத்தி பட்டது எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். அவர் நம்பர் போட்ட தோல் கட்டை மறுபடி பிரித்துப் பார்க்கிற பழக்கம் அங்கே இல்லை. முதலாளியே, எல்லோரும் பாய் என்று கூப்பிடும் பெரியவர், இவர் பக்கத்தில் நின்று தோலை எடுத்து நீட்டுவாராம். இவர் படித்தது எட்டாம் வகுப்பு. ஊரில் தலை நிமிர்ந்து நடந்தது அந்தக் கையை வைத்துத்தான்.

ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சு வலி வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து மூன்று அடைப்பு, பைபாஸ் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் ஒரு பெண் ஃபைலோடு கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். சோளிங்கர்க்காரி, இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஆராய்ச்சியில் வேலை செய்கிறேன் என்றாள். இதய ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு ஞாபகமும் யோசனையும் மந்தமாகிவிடுகிறது, அது மயக்க மருந்தாலா, எவ்வளவு ஆழமாக மயக்கம் கொடுக்கிறோம் என்பதாலா, இதயத்தை நிறுத்திவிட்டு ரத்தத்தை மெஷினில் ஓட்டுவதாலா, இல்லை ஏற்கெனவே உடம்பில் இருப்பதாலா, இன்னும் தெரியவில்லை என்றாள். ஆபரேஷன் நடக்கும்போது நெற்றியில் ஸ்டிக்கர் மாதிரி ஒன்றை ஒட்டி மயக்கத்தின் ஆழத்தை அளப்பார்களாம். இரண்டு விதமான மருந்தில் எது இவருக்கு என்று இவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாதாம். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு டெஸ்ட், வீட்டுக்குப் போகும்போது ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, ஒரு வருஷம் கழித்து ஒன்று.

"நெஞ்ச அறுத்தா மூளைக்கு இன்னாத்துக்குமா பரீட்ச?" என்றேன்.

"பரீட்சை இல்லக்கா. பாஸு ஃபெயிலு எதுவும் கிடையாது. சேரலன்னாலும் ட்ரீட்மென்ட் இதேதான்."

நாலு பக்கத் தாளை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். நான் பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை. அவர் அறுக்கப்போகிற நெஞ்சைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

டெஸ்ட் வேடிக்கையாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வார்த்தைகளைப் படிப்பாள், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தாளில் சிதறிக் கிடக்கும் ஒன்று, அ, இரண்டு, ஆ எல்லாவற்றையும் வரிசையாகக் கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். பிறகு ஒரு நிமிஷத்துக்குள் தெரிந்த மிருகங்கள் பெயரெல்லாம் சொல்ல வேண்டும். இவர் பசு, எருமை, கன்னுக்குட்டி, வெள்ளாடு, செம்மறி என்று ஆரம்பித்து, அப்புறம் நின்றுவிட்டார். "அண்ணா, தோலுக்கு ஆவுற மிருகம் மட்டும்தான் சொல்லணும்னு இல்ல," என்று அவள் சொல்லவும் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அதன்பிறகு சிங்கம், புலி என்று கடகடவென்று சொல்லி முடித்தார். பன்னிரண்டு வார்த்தையில் பத்து சொன்னார். நான் மனசுக்குள்ளேயே கூடச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு எட்டுதான் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். இரண்டாம் நாள் பார்வையாளர் நேரத்தில் உள்ளே விட்டார்கள். வாயிலிருந்த குழாயை எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கூரையைக் காட்டி, "தோல் தொங்குது பாரு, ஈரம் சொட்டுது, எறக்கச் சொல்லு," என்றார். மேலே டியூப் லைட்டைத் தவிர ஒன்றும் இல்லை. நர்ஸம்மாவிடம் ஓடினேன். சிலருக்கு இப்படி வரும், நாலு நாளில் தெளிந்துவிடும் என்று நர்ஸம்மா சொன்னார். மூன்றாம் நாளே தெளிந்துவிட்டது. என் பெயரைச் சொன்னார், இட்லி கேட்டார். கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்தப் பெண் மறுபடி வந்து டெஸ்ட் வைத்தாள். அதே பன்னிரண்டு வார்த்தைகள். இந்தத் தடவை ஐந்து சொன்னார். மருந்து அசதி இருக்கும் அக்கா, மூன்றாம் மாதம்தான் முக்கியமாகப் பார்ப்போம் என்றாள்.

வீட்டில் நெஞ்சுத் தழும்பு ஆறிக்கொண்டே வந்தது. ஆறாதது வேறு ஒன்று. கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னால் வெறுங்கையோடு வந்து கடை மூடியிருக்கிறது என்பார். கடை எதிரிலேயே திறந்திருக்கும். வார்த்தை மறந்துபோய், கேட்க வெட்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறார் என்று எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். மாத்திரையைப் போட்டாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது. சட்டை பித்தானை மேலிருந்து போட ஆரம்பித்து நடுவில் நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் என் வாய்க்கு வாய் பதில் கொடுக்கிற மனுஷன். இப்போது நான் கத்தினால் கண் கலங்குகிறது. மயக்க ஊசி உடம்பில் இருந்து இறங்க நாளாகும், சரியாகிவிடும் என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது.

அவரோடு வேலை செய்கிற இன்னொரு செலக்டர், அவருடைய தோஸ்த், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வாராவாரம் வந்து பார்ப்பார். என்னை பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பாய் இவனுக்காக எடத்த காலியா வெச்சிருக்காரு பாபி. ஆனா வேலைக்கு ஃபிட்னு டாக்டர் லெட்டர் இல்லாம உள்ள வுட மாட்டாங்க. மூணாம் மாசம் அந்த ஞாபக டெஸ்ட் வெப்பாங்கன்னு சொன்னியே, அதுல கம்மியா வந்துச்சின்னா லெட்டர் குடுப்பாங்களா?"

இந்தக் கேள்வி என் மண்டையில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நாள், ஒரே ஃபைல் நம்பர். காலையில் டெஸ்ட், மதியம் டாக்டர். முதலில் கேள்வி கேட்பார்கள், பதில் சரியாக இருந்தால் பேப்பர் கொடுப்பார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த எல்லாக் கேள்வி பதிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பாஸ் ஃபெயில் கிடையாது என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆடிட்டுக்காரர்களும் அதையேதான் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அன்றே ஆரம்பித்தேன்.

இரண்டு தடவை கேட்டிருந்ததில் பன்னிரண்டு வார்த்தையில் பதினொன்று எனக்கு ஞாபகம் இருந்தது. கிணறு, துண்டு, கொய்யா, பாலம், மாமா, விசில், நெய்... பன்னிரண்டாவதை அவரே ஒரு நாள் சம்பந்தமில்லாமல் சொன்னார், பஞ்சு. காலெண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் இரண்டு சுற்று. சாயந்திரம் வந்து காய் நறுக்கிக்கொண்டே நாலு சுற்று. அதை ஒரு மெட்டு மாதிரி ஆக்கிவிட்டேன், கிணறு துண்டு கொய்யா பாலம். ஒன்று அ, இரண்டு ஆ கோட்டுக்கு நானே தாள் தாளாகப் போட்டுக் கொடுத்தேன். மிருகங்களைக் காட்டு மிருகம் பத்து, வீட்டு மிருகம் பத்து என்று பிரித்துக் கட்டினேன். கடைசியில் அந்தப் பெண், முந்தின தடவை கேட்டதுபோலவே, அவரைத் தனியாக உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்பாள் என்று தெரியும். அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

"கஷ்டம் எதுனா இருக்குதான்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"மறந்துபோவுதுன்னு..."

"யோவ்! ஒண்ணும் இல்லன்னு சொல்லு. எல்லாம் முன்னமாரியே இருக்குதுன்னு சொல்லு. திருப்பிச் சொல்லு."

"எல்லாம் முன்னமாரியே இருக்குது."

ஒரு நாள் அவர் ஏழு வார்த்தையோடு நின்றுவிட்டார். வேலை முடிந்து வந்த அலுப்பு, வெயில், ஒரே எரிச்சல். கையில் இருந்த ஸ்கேலால் அவர் விரலில் ஒரு அடி அடித்தேன். பலமாக இல்லை. அடித்தேன் என்பதுதான் விஷயம். அவர் கோபப்படவில்லை. விரலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உள்ள இருக்குதுடி. தெரியுது எனக்கு. கைய நீட்டுனா வர மாட்டேங்குது. எனக்கு இன்னாவோ ஆயிடிச்சி. யார்கிட்டயாச்சும் சொல்லேன்."

அந்த மூன்று மாதத்தில் அவர் பேசியதிலேயே தெளிவான பேச்சு அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேஜார் பண்ணாத. கிணறுலருந்து ஆரம்பி" என்றேன்.

மூன்றாம் மாதம் போனோம். பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும் வரை அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டே வந்தது. அறைக்குள் அவளும் அவரும். கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதுகு நேராக இருந்தது. அரை மணி நேரத்தில் அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள். "அக்கா, ஆபரேஷனுக்கு முன்னாடி செஞ்சதவிட நல்லா செஞ்சிருக்காரு. பன்னெண்டுக்கு பன்னெண்டு. கஷ்டம் ஒண்ணும் இல்லன்னு சொல்றாரு. ரொம்ப சந்தோஷமா இருக்குக்கா." மதியம் டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், ஈ.சி.ஜி.யைப் பார்த்தார், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார், லெட்டர் எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது ஆம்பூரில் இறங்கிப் பிரியாணி வாங்கி, எண்ணெய் ஆகாது என்று இவருக்கு ரெண்டே வாய் கொடுத்தேன். என் லைன் பெண்களுக்கு மறுநாள் சாக்லேட் கொடுத்தேன்.

அவர் வேலைக்குப் போனார். காலையில் டிபன் பாக்ஸோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பழைய ஆள் மாதிரியே இருந்தது. சாயந்திரம் வந்து ஒன்றும் பேச மாட்டார். எப்படியிருந்தது என்று கேட்டால், "எல்லாம் முன்னமாரியே இருக்குது" என்பார். நான் சொல்லிக் கொடுத்த அதே குரலில். எனக்கு அப்போது சுருக்கென்று படவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த தோஸ்த் வந்தார். என் வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார். உட்காரக்கூட இல்லை.

"இனிமே மறைக்க முடியாது பாபி. மொத நாள்லருந்தே அவன் நம்பர் போடறது எல்லாம் தப்பு. ஓட்ட வுழுந்த தோலுக்கு ஒண்ணு போடறான், நல்ல தோல ஒதுக்கறான். தடவறான், ஆனா இன்னாத்துக்கு தடவறோம்னே அவனுக்குத் தெரியல. நாங்க ரெண்டு பேரு அவன் சாப்புடப் போற நேரத்துல எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி நம்பர் போட்டுட்டு இருந்தோம். இன்னிக்கி அவன் டிபன் பாக்ஸ மறந்துட்டு எடுக்கத் திரும்பி வந்தான். பாத்துட்டான்."

"பாத்துட்டு?"

"என் கையிலருந்து சாக்பீஸ வாங்கி மேஜைமேல வெச்சிட்டு போய்ட்டான்."

என் வீட்டுக்காரர் அதன்பிறகு டேனரிக்குப் போகவில்லை. பாய் எங்கள் வீட்டுக்கே வந்தார், நாற்காலியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார், டேனரி வாசல் கேட்டில் உட்கார்ந்து ஆள் வருவதைப் பார்த்துக்கொள் என்றார். அவர் தலையாட்டினார். போகவில்லை.

நான் ஒரு நாள் லீவு போட்டு வேலூருக்குத் தனியாகப் போனேன். அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் ஒட்டிய தாள், மெட்டு, ஸ்கேல், எதையும் விடவில்லை. முடித்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க்கா அப்டிப் பண்ணீங்க?"

"லெட்டருக்குத்தான்மா. டெஸ்ட்ல பாஸானாதானே லெட்டரு?"

"அந்த லெட்டர் இதயத்துக்கு மட்டும்தான்க்கா. எங்க டெஸ்ட்ட அந்த டாக்டர் பாக்கவே மாட்டாரு. மொத நாளே படிச்சுக் காட்டினேனே. மூணாம் மாசம் கொறஞ்சிருக்குன்னு தெரிஞ்சவங்கள தனியா ஒரு டாக்டர் கிட்ட அனுப்பறோம். பயிற்சி குடுப்பாங்க. வேலைக்கு எப்ப அனுப்பலாம், எந்த வேலைக்கு அனுப்பலாம், வீட்ல எப்டி நடந்துக்கணும்னு சொல்லிக் குடுப்பாங்க. அண்ணா நல்லா இருக்காருன்னுதான நான் அனுப்பல."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் அவள்மேல் காட்டினேன். எந்த மருந்து கொடுத்தீர்கள் என் புருஷனுக்கு, எதனால் இப்படி ஆச்சு, சொல்லு என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எது கொடுத்தார்கள் என்பது ஆராய்ச்சி முடியும்வரை தனக்கும் தெரியாது, மருந்தால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அது தெரியாததால்தான் இத்தனை பேரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாள். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அவருக்குக் கொடுத்த மருந்து எதுவாக இருந்தாலும், அதற்கு எதிரில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறது. கஷ்டம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறது. அந்த மருந்துக்கு நான் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அடுத்து அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவனுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நடந்ததை அப்படியே எழுதி, ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் முடிவு பண்ணட்டும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

அவள் சொன்ன தனி டாக்டரிடம் பிறகு இவரை அழைத்துப்போனேன், இப்போதும் போகிறோம். முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாதும்மா என்றார். அந்த டாக்டர் நல்ல மனுஷர். இருந்தாலும் அன்று பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். என் கம்பெனியில் அடுத்த ஆடிட் வந்தபோது நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாளை வேறொரு சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டாள்.

ஒரு வருஷ டெஸ்ட்டுக்குப் போனோம். இந்தத் தடவை வேறு பன்னிரண்டு வார்த்தைகள். வீட்டில் நாங்கள் எதையும் தொடவில்லை. அந்தப் பெண் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னாள். அவர் மூன்று வார்த்தை சொன்னார். கோட்டைப் பாதியில் விட்டார். எனக்கு வாய்வரை வந்ததை நாக்கைக் கடித்து அடக்கிக்கொண்டேன். கடைசியில் அவள் ஃபைலை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களுக்கு எதுனா கஷ்டம் இருக்கா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் வாயையே பார்த்தார், நாற்பது பெண்கள் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

"உண்மைய சொல்லுயா," என்றேன். "இன்னா இருக்குதோ அதச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் கோபமில்லாமல், கிண்டலுமில்லாமல், எனக்கு உதவி பண்ணுகிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்.

"செரி. உண்மைன்னா எது? நீ சொல்லிக் குடு, நான் சொல்லிடறேன்."